வந்து சேராத மூன்று மெயில்

சங்கத்தின் கம்ப்யூட்டர் வேலையைப் பார்க்கும் இளவரசி தேடியது கோயம்புத்தூர் கடையின் ஆர்டரை. அனுப்பிவிட்டோம் என்று அவர்கள் போனில் சொல்ல, வரவில்லை என்று இவள் சொல்ல, கடைசியில் மெயில் சர்வரின் பதிவைத் திறந்து வரிவரியாகக் கீழே இறங்கினாள். அழிக்கப்பட்டவற்றின் நடுவே ஒரே முகவரியிலிருந்து மூன்று மெயில்கள். பிப்ரவரி நான்கு, ஒன்பது, பதினேழு. மூன்றுக்கும் ஒரே தலைப்பு, ஆங்கிலப் பெரிய எழுத்துகளில்: தில்லையம்மாளுக்கு, அவசரம். அனுப்பியவர் பெயர் மஹாலட்சுமி.

தில்லையம்மாள் அடுத்த அறையில்தான் இருந்தாள். செவிலிமேட்டில் இருக்கும் இந்த நெசவாளர் சங்கத்தில் புடவைகளை மடித்துப் பெட்டியில் வைப்பது பதினோரு வருடமாக அவள் வேலை. பெட்டி மூடியில் சங்கத்தின் மெயில் முகவரி அச்சாகியிருக்கும். மகள் மஹாலட்சுமி ஆறு வருடத்துக்கு முன் வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு ஓசூர் போய்விட்டாள். தகப்பன் குப்புசாமி அந்த வாரமே போன் நம்பரை மாற்றினார். கடிதம் வந்தால் பிரிக்காமல் அடுப்பில் போட்டார். தில்லையம்மாளுக்கென்று தனி போன் கிடையாது. மகளுக்கு மிஞ்சியிருந்தது அந்தப் பெட்டி மூடியிலிருந்த முகவரிதான்.

மெயில் சர்வர் வாங்கும்போதே அதில் எல்லாம் தயாராக இருந்தது. ஸ்பாம் என்கிற குப்பை மெயிலைப் பிரிக்கும் வடிகட்டியும் அதிலேயே இருந்தது. தலைப்பில் பெரிய எழுத்து, அவசரம் என்ற சொல் என்று ஒவ்வொரு சந்தேகத்துக்கும் இத்தனை என மெயிலுக்கு மதிப்பெண் போடும். ஐந்தைத் தாண்டினால் தனியாக ஒதுக்கி வைக்கும். அப்படியும் லாட்டரியும் மாத்திரை விளம்பரமும் குவிந்தன. "என் கண்ணுலயே படக்கூடாதும்மா" என்றார் செயலாளர் வேலாயுதம். பொங்கல் முடிந்த வாரம் இளவரசி ஐந்தை மூன்றாக்கினாள். ஒதுக்கியதைத் தினமும் யார் உட்கார்ந்து பார்ப்பது என்ற அலுப்பில், ஒதுக்குவதற்குப் பதில் அழித்துவிடும்படி மாற்றினாள். மறுநாள் இன்பாக்ஸ் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பதிவில் தலைப்பு மட்டும்தான் மிஞ்சியிருந்தது. உள்ளே என்ன எழுதியிருந்தது என்று அறிய இனி வழியில்லை. பேசாமல் மூடிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்கே உடம்பு கூசியது. அந்த முகவரிக்கு, நம்பர் அனுப்புங்கள், அம்மா இங்கேதான் இருக்கிறார் என்று எழுதி, வடிகட்டியையும் நிறுத்திவிட்டு எழுந்து போனாள்.

"அக்கா, மஹா மெயில் போட்டிருந்தா. மூணு வாட்டி."

தில்லையம்மாளின் கை மடிப்பின் மேல் நின்றது. "என்னா எழுதியிருந்தா?"

"தெரிலக்கா. அழிஞ்சிட்டுது. நான்தான் அப்படி வச்சிருந்தேன்."

தில்லையம்மாள் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. மடித்ததைப் பிரித்து, முந்தானையிலிருந்து மறுபடி மடிக்கத் தொடங்கினாள். "அவ சும்மா எழுத மாட்டா. என்னமோ இருக்குது" என்றாள்.

நாலரை மணிக்குப் பதில் வந்தது. வெறும் பத்து எண்கள். இளவரசி தன் போனிலிருந்து அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு தில்லையம்மாள் முன் வைத்தாள். ஆண் குரல் எடுத்தது.

"நான் மஹாவோட அம்மா."

அந்தப் பக்கம் ஒரு கதவு மெல்லச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. பிறகு, "மஹாவோட வூட்டுக்காரன், விக்னேஷ் பேசுறேங்க" என்றான். "பொண் கொழந்த. எட்டாம் மாசமே பொறந்துட்டுது. தங்கல. பன்னெண்டு நாளாவுது. டாக்டர் படுத்தே இருக்கணும்னு சொன்னதுலேர்ந்து, அம்மா வந்தா தேவலன்னு எழுதிக்கினே இருந்தா."

இளவரசி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"இப்பதான் தூங்குறா. எழுப்பட்டுங்களா?"

"வேணாம்பா. போனை அவ தலைமாட்டுல வெச்சிடு. எழுந்திருக்கிற வரைக்கும் நான் இருக்கேன்."

பூட்டச் சாவியோடு வந்த வேலாயுதம் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வாசலுக்குத் திரும்பிப் போனார்.

"வூட்ல தேடுவாங்களேக்கா" என்றாள் இளவரசி.

"தேடட்டும்."

தில்லையம்மாள் ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஓசூரில் ஏதோ ஓர் அறையில் ஃபேன் ஓடும் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, தன் மூச்சு அங்கே கேட்டுவிடாதபடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.