துருவா மறுபடி வருமா

ரேகாவுக்கு வந்த கேள்வி ஒரு வரிதான். சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து விஜயராகவன் அனுப்பியிருந்தார். நம்ம பழைய துருவா டிவி கேமை அப்படியே மறுபடி செய்ய முடியுமா, பார்த்துச் சொல்லுங்கள்.

திருப்பதியை அடுத்த ரேணிகுண்டாவில் ரேகா எஞ்சினியராக வேலை பார்த்த பெரிய கம்பெனியின் ஃபேக்டரியில் இப்போது டிவியும் செட்டாப் பாக்ஸும்தான் தயாராயின. முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே கம்பெனி துருவா என்ற பெயரில் ஒரு விளையாட்டுப் பெட்டி விற்றிருந்தது. கறுப்புப் பெட்டி, சொருகுகிற கேசட், கட்டைவிரல் அகலத்துக்கு இரண்டு சிவப்புப் பட்டன் வைத்த கைப்பிடி. ரேகா அதைத் தொட்டதே இல்லை. நகரியில் அவள் நைனா விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் டிவி வந்தபோதே அவள் பத்தாவது முடித்திருந்தாள். அதனால் அவளுக்கு இது ஒரு வேலை, அவ்வளவுதான்.

இரண்டு வாரம் தேடியதில் பாதி பதில் கிடைத்துவிட்டது. துருவாவின் உயிர் அதிலிருந்த ஒரு சிப். அதைச் செய்துகொடுத்த வெளிநாட்டு ஃபேக்டரி மூடிப் பல காலம் ஆகிறது. வரைபடங்கள் எங்கே போயின என்று கம்பெனியில் ஒருவருக்கும் தெரியவில்லை. விளையாட்டுகளை எழுதியவர்களில் பாதிப் பேருடைய முகவரியே இல்லை. வேறு வழி ஒன்று இருந்தது. இப்போது கிடைக்கிற மலிவான சிப் ஒன்றில், பழைய சிப் மாதிரி நடிக்கிற புரோகிராமை ஓட்டலாம். உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் நடிப்பு சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க, ஓடுகிற நிலையில் ஒரு பழைய துருவா வேண்டும். கம்பெனி ஸ்டோரில் அது ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கஸ்டமர் கேரில் விசாரித்தபோது அங்கிருந்த பெண் சிரித்துவிட்டாள். சித்தூரிலிருந்து செல்வி என்று ஒருத்தி ஓயாமல் போன் செய்து, துருவாவுக்குக் கைப்பிடி கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாளாம். இல்லை என்று எத்தனை தரம் சொன்னாலும் அடுத்த மாதம் மறுபடி கூப்பிடுவாளாம்.

அந்த வாரமே ரேகா சித்தூருக்குப் போனாள். கட்டமஞ்சியில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதி. செல்வி மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் வேலைக்குப் போகிறவள். அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். கம்பெனி மேடம் வருகிறாள் என்றதும் புதுக் கைப்பிடி கொண்டுவருகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. வெறுங்கையைப் பார்த்ததும் முகம் விழுந்தது. நகரிப் பொண்ணு என்று தெரிந்த பிறகு ‘மேடம்’ போய் ‘ம்மா’ வந்தது, காப்பியும் வந்தது.

விளையாடுகிறவர் செல்வியின் புருஷன் கன்னையா. பங்காருபாளையத்திலிருந்து மாங்காய் லோடு ஏற்றிக்கொண்டு சென்னைக்கும் நாயுடுபேட்டைக்கும் லாரி ஓட்டினவர். போன வருஷம் சீசன் நடுவில், மண்டியில் லோடு ஏற்றிக்கொண்டிருக்கும்போதே பக்கவாதம் வந்து விழுந்தார். கால் சீக்கிரம் தேறியது. வலது கை தேறவில்லை. ஆஸ்பத்திரியில் ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். நாலு நாள் அமுக்கிவிட்டு மூலையில் உருட்டிவிட்டார். பேச்சையும் குறைத்துக்கொண்டார். அந்தச் சமயத்தில் மாடியில் இருந்த வீட்டுச் சொந்தக்காரர் பரணைக் காலி செய்தபோது, பெங்களூருக்குப் போய்விட்ட அவர் பிள்ளைகள் விளையாடிய துருவா கிடைத்தது. பழைய டியூப் டிவியோடு சேர்த்துக் கீழே கொடுத்துவிட்டார். செல்வி விளையாட்டாகத்தான் கன்னையாவின் கையில் கைப்பிடியைத் திணித்தாள்.

ஆற்றில் படகு போகும். மரக்கட்டை மிதந்து வரும். சரியான நேரத்தில் வலது கட்டைவிரலால் பட்டனை அமுக்கினால் படகு தாண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. முதல் மாதம் முழுக்கப் படகு முழுகியது. கன்னையா விடவில்லை. போனிலும் விளையாடிப் பார்த்தார்களாம், அது வழவழவென்று இருக்கிறது, அமுக்கினோமா இல்லையா என்று விரலுக்குத் தெரியவில்லை. இந்தச் சிவப்புப் பட்டன் அப்படியில்லை, விரலைத் திருப்பித் தள்ளும். இப்போது அவர் அதே கையால் தட்டில் பிசைந்து சாப்பிடுகிறார். ஆனால் பட்டனுக்கு அடியில் இருந்த ரப்பர் தேய்ந்துவிட்டது. ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் அது நின்றுவிடும் என்ற பயத்தில்தான் செல்வி போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தாள்.

பெட்டியை ஃபேக்டரிக்குக் கொண்டுபோய் அளந்துவிட்டுத் தருகிறேன் என்று ரேகா கேட்டாள். செல்வி முடியாது என்றாள். அது கோபமாக இல்லை, ஆனால் இரண்டாம் தரம் கேட்க இடமில்லாதபடி இருந்தது. அதனால் ரேகா தன் கருவிகளையெல்லாம் கட்டமஞ்சிக்கே கொண்டுவந்து, கன்னையா ஓய்வெடுக்கும் மதிய நேரங்களில் கூடத்துத் தரையில் உட்கார்ந்து அளந்தாள். கைப்பிடியையும் பிரித்து, செட்டாப் பாக்ஸ் ரிமோட்டுக்கு வருகிற ரப்பரை வெட்டி உள்ளே வைத்துக் கொடுத்தாள். கன்னையா அமுக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவ்வளவு நாளில் அவர் அவளிடம் காட்டிய முதல் சந்தோஷம் அதுதான்.

மாதிரிப் பெட்டி தயாரானது. வெளியே பார்த்தால் பழைய துருவாவேதான். உள்ளே மலிவான சிப். லேபில் எல்லாருக்கும் பிடித்துப்போனது. பட்டனை அமுக்குவதற்கும் படகு தாண்டுவதற்கும் நடுவில் கண்ணிமைக்கிற நேரத்தில் ஒரு பங்கு தாமதம் இருந்தது. இதெல்லாம் ஒருவருக்கும் தெரியாது என்று ரேகாவே ரிப்போர்ட்டில் எழுதினாள். எழுதிவிட்டு, மாதிரிப் பெட்டியையும் ஒரு புது டிவியையும் காரில் போட்டுக்கொண்டு சித்தூருக்குக் கிளம்பினாள். முதலில் கன்னையாதான் விளையாட வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

கன்னையா அன்றைக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படகு கிளம்பியது. முதல் கட்டையிலேயே மோதி முழுகியது. புதுசு என்பதால் இருக்கும் என்று மறுபடி ஆரம்பித்தார். மறுபடி முழுகியது. கட்டை கண்ணுக்குத் தெரிகிறது, அமுக்குகிறார், ஆனாலும் மோதுகிறது. கொஞ்ச நேரத்தில் கைப்பிடியை மடியிலேயே விட்டுவிட்டு, வலது கையைத் தூக்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“செல்வி, மறுபடியும் வந்துடுச்சி போலக்கீது,” என்றார்.

செல்வி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி அவரைச் சிரிக்கச் சொன்னாள், இரண்டு கையையும் மேலே தூக்கச் சொன்னாள். இரண்டும் சமமாகத்தான் எழுந்தன. அப்படியும் ஆட்டோவைக் கூப்பிடப் போனை எடுத்துவிட்டாள்.

ரேகாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மனுஷர் மாதக்கணக்கில் தன் கையை இந்த விளையாட்டை வைத்துத்தான் அளந்துகொண்டிருக்கிறார். படகு தாண்டினால் கை தேறுகிறது, முழுகினால் தேறவில்லை. அவளுடைய பெட்டி அவரிடம் பொய் சொல்லியிருக்கிறது.

“அண்ணா, உங்க கைக்கு ஒண்ணும் இல்ல. மிஷினு லேட்டா வேல செய்யுது,” என்றாள்.

ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேர் ஆறுதல் சொல்லிக் கேட்டவர் அவர். இதையும் அப்படித்தான் கேட்டுக்கொண்டார். பழைய பெட்டியைப் போட்டுக் காட்டுகிறேன் என்றாள். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதிலும் தோற்றுவிட்டால் என்ற பயம் அவருக்கு.

ரேகா தன் போனை எடுத்தாள். வேகமாக நடப்பதை மெதுவாகக் காட்டுகிற வீடியோ வசதி அதில் இருந்தது. இன்னும் ஒரே ஒரு தரம் அமுக்குங்கள், ஜெயிக்க வேண்டாம், சும்மா அமுக்குங்கள் என்று கெஞ்சினாள். அவர் விரலும் டிவியும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி தரையில் சாய்ந்துகொண்டு எடுத்தாள். பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்டினாள்.

மெதுவான படத்தில் கட்டை ஊர்ந்து வந்தது. கன்னையாவின் கட்டைவிரல் கீழே இறங்கியது. பட்டன் முழுசாக அமுங்கியது. படகு அசையவில்லை. கட்டை இன்னும் நெருங்கியது. விரல் மேலே எழும்பவே ஆரம்பித்துவிட்டது. அதற்கு அப்புறம்தான் படகு குதிக்கப் பார்த்தது, கட்டை இடித்துவிட்டது.

“இன்னொரு தபா போடு,” என்றார் கன்னையா.

போட்டாள். செல்வியும் குனிந்து பார்த்தாள். மூன்றாம் தரம் பார்த்த பிறகு அவர் பெரிதாக மூச்சு விட்டார். தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். செல்வி அவர் முதுகில் கையை வைத்தாள். ரேகா எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். ரசம் பாதிக்கு மேல் சுண்டிப்போயிருந்தது.

மறுநாள் அந்த வீடியோவை மேனேஜர் சுரேஷ்பாபுவிடம் காட்டினாள். ஒருத்தருக்காக டிசைனை மாற்ற முடியாது என்றுதான் அவர் தொடங்கினார். வீடியோவைக் கடைசி வரைக்கும் பார்த்தார். முடிந்ததும், அந்த ஆளுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று தெலுங்கில் கேட்டார். அவருடைய அப்பாவும் அதே நோயில் படுத்தவர் என்பது ரேகாவுக்கு அப்புறம்தான் தெரிந்தது. இரண்டாம் மாதிரி ஒன்று செய்ய அனுமதி கொடுத்தார்.

இந்தத் தடவை நடிக்கிற புரோகிராம் இல்லை. உள்ளே இருக்கிற இணைப்புகளையே நம் விருப்பப்படி மாற்றி அமைக்கக்கூடிய விலை கூடிய சிப் ஒன்றை வாங்கி, பழைய சிப் எப்படி வேலை செய்ததோ அப்படியே அமைத்தார்கள். புதுப் பெட்டி படத்தை முழுசாகச் சேர்த்துவைத்து அனுப்பாமல், பழைய பெட்டி மாதிரி வரி வரியாக டிவிக்கு அனுப்பியது. டியூப் டிவிக்கும் ஒயர் வைத்தார்கள். தாமதம் போய்விட்டது. விலையும் மூன்று மடங்கு ஆகிவிட்டது.

அதற்குள் விஜயராகவனே ரேணிகுண்டாவுக்கு வந்துவிட்டார். துருவாவை மறுபடி கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய யோசனைதான். கம்பெனியில் சேர்ந்த புதிதில் அவர் அதைக் கடை கடையாகக் கொண்டுபோய் விற்றவர். ரேகா எல்லாவற்றையும் விளக்கினாள். கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நேராகக் கேட்டார்.

“முடியுமா, முடியாதாம்மா?”

“செய்யலாம் சார். ஆனா நம்மள மாதிரி பெரிய கம்பெனியால முடியாது.”

அவர் புருவத்தைத் தூக்கினார். அவள் விளக்கிச் சொன்னாள். நம்முடைய தயாரிப்பு லைனை ஓட்டினால் ஒரே தடவையில் அரை லட்சம் பெட்டி வந்து விழும். அதற்குக் குறைந்து ஓட்டுவதற்கு இந்த ஃபேக்டரி கட்டப்படவில்லை. நல்ல துருவா வேண்டும் என்று இந்த விலை கொடுத்து வாங்க நாடு முழுக்கச் சில ஆயிரம் பேர் இருந்தால் அதிகம். பத்துப் பேர் வைத்திருக்கிற சின்னப் பட்டறை ஒன்று வேண்டுமானால் இதைச் செய்து பிழைக்கலாம். விளையாட்டுகளுக்கு யாரிடம் அனுமதி வாங்குவது என்பது வேறு சிக்கல்.

மலிவான மாதிரியைப் போட்டால் தீபாவளிக்கு விற்காதா என்று அவர் கேட்டார். விற்கும் என்று ரேகா ஒப்புக்கொண்டாள். வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இரண்டு நாள் விளையாடிவிட்டு ஷோகேஸில் வைப்பார்கள், அவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. மீதிப் பேருக்காக அந்த வீடியோவைக் காட்டினாள். விஜயராகவன் வீடியோவைப் பார்த்தார், மேஜைமேல் இருந்த மலிவான மாதிரியை எடுத்து அவரே இரண்டு ஆட்டம் ஆடினார். இரண்டிலும் முழுகினார். இந்த வீடியோவைப் பார்க்காவிட்டால் எனக்கு வயதாகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பேன் என்று மெல்லச் சொல்லிவிட்டு, அதைக் கீழே வைத்தார்.

பத்து நாளில் திட்டத்தை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. ரேகா எதிர்பார்த்ததுதான். மாதிரிகளை உடைத்துப் போட வேண்டும் என்பது விதி. சுரேஷ்பாபு மலிவான மாதிரியை உடைக்கச் சொன்னார். இரண்டாம் மாதிரிக்கு மட்டும், வீட்டில் வைத்து நீண்டநாள் சோதனை என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார். எத்தனை நாள் சோதனை என்று எழுதவில்லையே என்றாள். அவர் வேறு ஃபைலை எடுத்துக்கொண்டார்.

ரேகா அதைச் சித்தூருக்குக் கொண்டுபோனாள். கன்னையா இந்தத் தடவை கைப்பிடியை வாங்கத் தயங்கினார். பெட்டியைப் பார்த்தார், ரேகாவைப் பார்த்தார். முதலில் அவளை ஆடச் சொன்னார். ரேகா உட்கார்ந்து ஆடி, மூன்றாம் கட்டையில் முழுகினாள். செல்வி சிரித்தாள். பிறகுதான் அவர் வாங்கிக்கொண்டார். முதல் கட்டையைப் படகு தாண்டியது. அடுத்ததையும் தாண்டியது. பாறைகள் வருகிற இடம் வரைக்கும் போய், அங்கே ஒரு வளைவில் அவசரப்பட்டு மோதிக்கொண்டார்.

செல்வி பதறிப்போய் ரேகாவைப் பார்த்தாள். கன்னையா கையை அசைத்து அவளை அமர்த்தினார்.

“அது நான் தோத்தது. மிஷினு சரியாத்தான் கீது,” என்று சொல்லிவிட்டு மறுபடி ஆரம்பித்தார்.

அன்றைக்கு ரேகா அங்கேயே சாப்பிட்டாள். கிளம்பும்போது பூதலப்பட்டு வரைக்கும் ரோடு வேலை நடக்கிறது, எந்தப் பக்கமாகப் போனால் சீக்கிரம் திருப்பதி போகலாம் என்று கன்னையாவே வாசல் வரைக்கும் வந்து, வலது கையை நீட்டி நீட்டி வழி சொன்னார்.