ஆமையின் சுவர்ப்பக்கம்

"நீ என்ஜினைப் பாத்துக்க. நான் ரிமோட்டைப் பாத்துக்கறேன்."

"அழுக்கு எனக்கு, ஆட்டம் உங்களுக்கா?"

"ராஜான்னா உக்காந்த இடத்துலேருந்துதான் ஆளணும். அதுவும் முட்டி மடங்காத ராஜா."

"சரி ராஜா. ஆனா ஒண்ணு. அடியில யார் கை இருக்கோ, ரிமோட் அவங்க பக்கத்துல இருக்கணும்."

"உத்தரவு, மெக்கானிக்கம்மா."

புல் வெட்டும் மெஷின் வீட்டுக்கு வந்த அன்று கணவனும் மனைவியும் பேசிக்கொண்டது இது. அன்றிலிருந்து இந்த ஏற்பாட்டில் மாற்றமே இல்லை.

சரிவான இடங்களில் புல் வெட்டிக் கொடுப்பது அவர்கள் தொழில். கையால் தள்ளும் மெஷினோடு ஒரு மேட்டிலிருந்து உருண்டதில் அவனுக்கு வலது முட்டி போயிற்று. அதற்குப் பிறகுதான் ரப்பர் பட்டைகளில் ஊர்ந்து ஏறும் இந்தச் சின்ன பெட்ரோல் மெஷினை வாங்கினார்கள். அது நகரும் அழகைப் பார்த்து 'ஆமை' என்று பெயர் வைத்தவள் அவள்தான். அவன் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே ரிமோட்டால் ஆமையை மேட்டில் ஏற்றி இறக்குவான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷெட்டுக்குள் போய் ஆயில் பார்ப்பது, பிளேடு தீட்டுவது, ஏர் ஃபில்டர் தட்டுவது எல்லாம் அவள் பாடு.

வேலை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. தனியாகச் செய்வதுதான் பிடிக்கவில்லை. ஒரு காலத்தில் அவன் என்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவான். பக்கத்தில் உட்கார்ந்து அவள் வாயாடுவாள். 'சும்மா வந்து என்கூட உக்காருங்களேன்' என்று கேட்க ஒவ்வொரு வாரமும் நினைப்பாள். குந்தி உட்கார முடியாத மனுஷனை அங்கே கூப்பிட்டு, போனதையெல்லாம் நினைவுபடுத்துவானேன் என்று வார்த்தையை விழுங்கிவிடுவாள்.

இந்த ஞாயிறு, ஹால் ஆணியில் தொங்க வேண்டிய ரிமோட்டைக் காணோம். தேடிக்கொண்டே ஷெட்டுக்குப் போனால், டூல் பெட்டி மேல் சமர்த்தாகக் கிடந்தது. என்ஜின் தவறிக் கிளம்பிவிடாமல் அவள் எப்போதும் முதலில் கழற்றும் ஸ்பார்க் பிளக் மூடியும் ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தது. யோசனையோடு கடப்பாரையால் ஆமையின் வாசல் பக்கத்தை நெம்பித் தூக்கி, கட்டையை முட்டுக்கொடுத்துக் குனிந்து பார்த்தாள். அடிப்பாகம் பளிச்சென்று இருந்தது. வாராவாரம் அவள் சுரண்டிச் சுரண்டி எடுக்கும் காய்ந்த புல் ஒரு துணுக்குகூட இல்லை.

அடுத்து ஏர் ஃபில்டரைத் திறந்தாள். ஸ்பாஞ்சிலிருந்து ஆயில் சொட்டியது.

சுர்ரென்று கோபம் வந்தது. நாளைக்கு ஆஸ்பத்திரி மேட்டை வெட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஃபில்டர் இருப்பது வாசல் பக்கம். அதனால்தான் அவள் எப்போதும் வாசல் பக்கத்தையே தூக்குவாள். சுவர்ப்பக்கத்தைத் தூக்கினால் ஃபில்டர் கீழே போய் ஆயில் உள்ளே இறங்கிவிடும். இது தெரியாதவர்கள் இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

அப்போதுதான் சுவரைப் பார்த்தாள். வெள்ளையடித்த இடத்தில் ஒரு தோள் உரசிய தடம். கீழே தூசியில் அவன் ஊன்றுகோலின் வட்ட முத்திரைகள். சுவரில் சாய்ந்து நின்றால்தான் அவனுக்கு இரண்டு கையும் கிடைக்கும். சுவரில் சாய்ந்து நிற்பவனால் சுவர்ப்பக்கத்தைத்தான் தூக்க முடியும்.

கோபம் போன இடம் தெரியவில்லை. விடியும் முன்னே எழுந்து, அந்த முட்டியோடு தரையில் எப்படித்தான் இறங்கினானோ. அவள் இடம் முழுக்க அவன் கைபட்டுக் கிடந்தது. கண் கலங்க நின்றாள்.

வாசலில் கோல் சத்தம். அவன்தான். ஒரு கையில் கோல் இருந்ததால் மற்ற கையில் ஒரே ஒரு காபி டம்ளர்.

"ஃபில்டரைத் திறந்துட்டியா?" குரல் இறங்கியிருந்தது.

"திறந்தேன். ஆயில்ல முங்கிக் கிடக்கு. யார் வேலை?"

"பூனையா இருக்கும்."

"ரிமோட்டைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, பிளக் மூடியைக் கழட்டிட்டு அடியில கை விடுற பூனையா?"

"நல்லா வளர்ந்த பூனை." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "நாளைக்கு வேலையைக் கெடுத்துட்டேனா?"

"ஸ்பாஞ்சைக் கழுவிக் காயவெச்சாப் போதும். பிளக்கைக் கழட்டிட்டு ஸ்டார்ட்டர் கயித்தை நாலு இழுப்பு இழுத்தா உள்ள போன ஆயிலும் வெளிய வந்துடும். ஏங்க, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா வேணாம்பே. முழங்கை வரைக்கும் கறையோட நீ வந்து நிக்கறப்பல்லாம், ஒரு ஞாயித்துக்கிழமையாவது இவ தூங்கட்டும்னு தோணும். மத்தவங்களா இருந்தா என் காலோட எப்பவோ அலுத்துப்போயிருப்பாங்க. உனக்கு அலுக்கவே இல்ல."

அவள் டம்ளரை வாங்கிப் பாதி குடித்துவிட்டு, மீதியை அவனிடம் நீட்டினாள். மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்து ஆமையின் சுவர்ப்பக்கமாகப் போட்டாள். முந்தானையால் அதைத் துடைத்தாள். இத்தனை நாள் விழுங்கியதை இன்று சொல்லிவிட்டாள்.

"எனக்குத் தூக்கம் வேணாங்க. இங்க தனியா உக்காந்து செய்யத்தான் பிடிக்கல. நீங்க ஒரு வேலையும் செய்ய வேணாம், குறை சொல்லிக்கிட்டாவது இருங்க. வாராவாரம் என்கூட வந்து உக்காருங்களேன்."