அட்டையில்லாத மாத்திரை

மருந்துக்கடைக்காரர் கடைக்கு வருகிறவர்களிடம் எப்போதும் ஒரே பாட்டுதான் பாடுவார்: "யார் கொடுத்தாலும் அட்டையில்லாம மாத்திரை வாங்காதீங்க." ஒற்றை மாத்திரை கேட்டாலும் பெயர் தெரியும்படிதான் வெட்டித் தருவார். அப்பேர்ப்பட்ட மனுஷர் பெண்டாட்டிக்கு மட்டும் வெறும் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினால், அவளுக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

அவள் தையல்காரி. மிஷினை மிதித்து மிதித்துத் தேய்ந்த முட்டியை மாற்றி உலோக முட்டி வைத்திருந்தார்கள். நன்றாக நடந்தாள், மிஷினில்கூட உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் முட்டி கொதிக்க ஆரம்பித்தது. தழும்பின் ஓரம் சிவந்து வீங்கியது.

"சத்து மாத்திரை. முழுங்கு," என்றார் கணவர்.

"அட்டை எங்கே?"

"கடையிலேயே தூக்கிப் போட்டுட்டேன்."

முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. டாக்டரிடம் போகலாம் என்றால், "புது முட்டி, அப்படித்தான் இருக்கும்" என்று நாளைக் கடத்தினார். டாக்டரும் இவரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்களோ? காலையே எடுக்கப் போகிறார்களோ? சண்டை போட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினாள்.

டாக்டர் முட்டியிலிருந்து ஊசியால் நீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

"உள்ளே சீழ் பிடிச்ச அறிகுறி எல்லாம் இருக்கு. ஆனா கிருமி மட்டும் சிக்கலை. ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா?"

"இல்லவே இல்லை," என்று கணவர் முந்திக்கொண்டார்.

கேட்டது அவளை. பதில் சொன்னது அவர். அவள் பையிலிருந்து, தையல் நூல் சுற்றிவைக்கும் பாபின் டப்பாவை எடுத்துத் திறந்தாள். காலையில் விழுங்குவதுபோல் பாவனை செய்து ஒளித்து வைத்த மாத்திரை உள்ளே கிடந்தது.

"இது என்ன சத்துன்னு கொஞ்சம் பாருங்க டாக்டர்."

டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"என் கடைக்கு வர்ற ஒருத்தருக்கு, இதே மாதிரி சீழ் பிடிச்சு, வச்ச முட்டியைக் கழட்டிப் போட்டுட்டாங்க," என்றார் கணவர். "அப்புறம் அவர் படுக்கையிலேயே கிடந்தார். இவளுக்கும் அப்படி ஆயிடுமோன்னு பயந்துட்டேன். மருந்துதான் கையிலேயே இருக்கே, சத்தமில்லாம சரி பண்ணிடலாம்னு..."

"நீங்க கொடுத்த ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லலை. சோதனையில தெரியாம ஒளிச்சு வச்சிருச்சு," என்றார் டாக்டர். "முட்டி கொதிக்க ஆரம்பிச்ச உடனே வந்திருந்தா உள்ளே கழுவியே முட்டியைக் காப்பாத்தப் பார்த்திருக்கலாம்."

டாக்டர் சொன்னபடி மாத்திரையை நிறுத்தி, அவர் கண்பார்வையிலேயே சில நாள் காத்திருந்து, மறுபடி நீர் எடுத்தார்கள். இந்தத் தடவை கிருமி அகப்பட்டது. அதற்கு எந்த மருந்து கேட்கும் என்றும் தெரிந்தது. ஆனால் அதற்குள் அது உலோகத்தில் நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது. கணவர் எதற்குப் பயந்தாரோ அதுவே நடந்தது. முட்டியைக் கழற்றி, அந்த இடத்தில் மருந்து கலந்த தற்காலிக அடைப்பு ஒன்றை வைத்தார்கள். கிருமி ஒழிந்த பிறகுதான் மறுபடி புது முட்டி.

கட்டிலில் கிடந்தவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் கொண்டுவந்த கஞ்சியைத் தொடவில்லை. அவர் மட்டும் நாற்காலியை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தார்.

நர்ஸ் மாத்திரை கொண்டுவந்தாள். கட்டிலில் இருந்தவள் அதை அட்டையோடு வாங்கி, உடைக்காமல், கணவரிடம் நீட்டினாள்.

"சத்தமா படிங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தார். எதற்கு என்பதையும் சொன்னார். முடிக்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவள் மாத்திரைக்கு வாயைத் திறந்தாள்.