பாய்லர்காரரின் வெள்ளைக் கார்

பாய்லர்காரரின் மனைவி இருபத்திரண்டு வருடம் காருக்குள் உட்கார்ந்திருந்தாள். முன்சீட்டில், மடியில் கைப்பையோடு. பூட்டி வைத்தார் என்பது வீண்பேச்சு. கதவு ஒருநாளும் பூட்டப்பட்டதில்லை.

ஆலைக் குடியிருப்பிலேயே முதலில் கார் வாங்கியவர் அவர். பால்வெள்ளை நிறம். ஊர்மேல் கரி தூவிய புகைபோக்கிக்கு அடியில் நிலக்கரி தள்ளியவரும் அவரே என்பதால், அந்தக் கரி பெயின்டை என்ன பாடுபடுத்தும் என்று அவருக்குத்தான் தெரியும். தங்கை வீட்டுக்குப் போக மனைவி ஏறி உட்கார்ந்த நேரம் பார்த்து நாலு சொட்டு விழுந்தது. புகை கலந்த மழை, சொட்டுக்கு ஒரு தழும்பு. "ரெண்டே நிமிஷம் இரு, விட்டுரும்" என்று கார் உறையை இழுத்து அவளோடு சேர்த்துக் காரை மூடினார். மழை விட்டது. ஆனால் நனைந்த உறையில் கரி அப்பிக்கொண்டது. ஈரக்கரியோடு உருவினால் பெயின்ட் கீறும், காயட்டும் என்றிருந்தார். காய்வதற்குள் ஆலைச் சங்கு ஊதியது. வேலை முடிந்து வந்தபோது அவர் கிளப்பிய புகை அவருக்கு முன்னால் வந்து உறைமேல் படுத்திருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுவருடமும்.

ஒருவருக்கு மட்டும் சமைக்கப் பழக அவருக்கு இரண்டு வருடமாயிற்று. அவள் பக்கத்துத் தலையணையில் விரல் கனத்துக்குக் கரி ஏறியது, அதைத் தட்டவில்லை. உறைக்குள் நேரம் நத்தையாய் ஊர்ந்ததால் அவளுக்குப் பசிக்கவில்லை. மழைக்காலத்துக்கு ஒருமுறை ஹாரன் அடிப்பாள். அவர் பானெட்டில் இரண்டு தட்டு தட்டுவார்: இதோ வந்துட்டேன்.

"காருக்குப் போர்வை, நீ மட்டும் கரிக்கட்டையா நிக்கிறியேப்பா" என்பார் பக்கத்து வீட்டு எடைமேடைக்காரர்.

"எனக்கென்ன, சோப்பு போட்டா போச்சு."

போகவில்லை. மச்சினிச்சி போனில், "அத்தான், எங்க இருக்கீங்க?" என்பாள். "கிளம்பிட்டோம்மா" என்பார். முழுப்பொய் என்று சொல்ல முடியாது. இருவரில் ஒருவர் கிளம்பித்தான் இருந்தார்.

கடைசியில், இருபத்திரண்டாம் வருடம், ஆலையை மூடினார்கள். மூன்றாம் நாள் சுத்தமான வெயில் அடித்தது. அவர் இருமிக்கொண்டே உறையை மடித்தார். பெயின்டில் ஒரு கீறல் இல்லை. மனைவிக்கு ஒரு நரை இல்லை. அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"பெரியவரே, எங்க வீட்டுக்காரரைக் கொஞ்சம் கூப்பிடுறீங்களா? ரெண்டு நிமிஷம்னு சொல்லிட்டுப் போனார். மழைதான் விட்டுருச்சே."

அவர் குனிந்து பக்கக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். அவள் மேல் தப்பில்லை.

"சட்டை மாத்துறாரும்மா. கண்ணாடிய ஏத்திக்கங்க, தூசி வரும்."

"சீக்கிரம் வரச் சொல்லுங்க. தங்கச்சி காத்துட்டிருப்பா."

சரி என்று உறையை விரித்து, நாலு மூலையும் இழுத்துக் கட்டினார். அன்று சாயங்காலம், இப்போது அக்காவைவிட மூத்தவளாகிவிட்ட அந்தத் தங்கை போன் செய்தாள். கிளம்பிட்டோம் என்றார்.

அவர் காலமாகி ஏழெட்டு வருடம் இருக்கும். இப்போதெல்லாம் ஹாரன் கேட்டால், அந்தப் பக்கம் போகிற யாராவது பானெட்டில் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போகிறார்கள்.