கழுத்தைத் திருப்பிய கேமரா

"என்னங்க, சீக்கிரம் வாங்க. மறுபடியும் என்னையே பாக்குது!"

குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் துண்டை இழுத்து மூடிக்கொண்டு கத்தினாள். அலமாரியின் மேல் இருந்த சின்னக் கேமராவைத்தான் சொன்னாள். அடுப்படியில் இருக்கும்போதும் அதைக் கைப்பேசியிலிருந்தே திருப்பித் தொட்டிலைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று கணவன் வாங்கி வைத்தது அது. இப்போது தொட்டிலை விட்டுவிட்டுக் கழுத்தைத் திருப்பிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கணவன் ஆடி அசைந்து வந்தான். பிழைப்புக்குக் கணக்கு எழுதுகிறவன். ஆனால் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவனுக்கு 'நெட் டாக்டர்' என்றுதான் பெயர். எந்த வீட்டில் வைஃபை மக்கர் செய்தாலும் இவனைத்தான் கூப்பிடுவார்கள். ரவுட்டரை ஃபிரிட்ஜ் பக்கத்திலிருந்து நகர்த்தி வைப்பான், ஒயரை அழுத்திச் செருகுவான், அதற்கும் மசியாவிட்டால் அணைத்துவிட்டு மறுபடி போடுவான். பாதி வீடுகளில் அதிலேயே சரியாகிவிடும். அந்தப் பெருமையில் ஐயாவுக்குத் தலைகால் புரியாது.

"நெட் விட்டு விட்டு வருது. அதான் கேமரா குழம்பிப்போய்த் திரும்புது. இதுக்குப் போயி ஊரைக் கூட்டுறியே."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. எனக்குப் பயமா இருக்குங்க."

"பயப்படுறதுக்கு அது என்ன பேயா?"

கூடத்துக்குப் போய் ரவுட்டரை அணைத்துப் போட்டான். விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வந்தன. திரும்பி வந்து, கேமராவையும் ஒருமுறை அணைத்துப் போட்டான். அது ஒரு சுற்றுச் சுற்றித் தொட்டில் பக்கம் வந்து நின்றது.

"பாத்தியா? அவ்வளவுதான்" என்றான்.

சொல்லி முடிப்பதற்குள் அது மறுபடி நகர்ந்தது. மெல்ல, மிக மெல்லத் திரும்பி அவன் மனைவி மேல் வந்து நின்றது. அவள் குழந்தையோடு எழுந்து ஜன்னலோரம் போனாள். அதுவும் கூடவே போனது. ஆள் நடமாட்டத்தைப் பார்த்துத் திரும்புகிறதோ என்று அவன் குறுக்கே நடந்தான். கையை ஆட்டினான். அது அவனைச் சட்டையே செய்யவில்லை. ஜன்னலோரம் நின்றவளையே பார்த்தது.

அவன் கேமராவின் ஒயரைப் பிடுங்கி எறிந்தான்.

"கோளாறு இல்ல. யாரோ நம்ம நெட்டுக்குள்ள பூந்து பாத்துட்டிருக்காங்க."

"நம்ம பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும்?"

ரிப்பேருக்குப் போன வீடுகளிலெல்லாம் அவன் ஒரே பாஸ்வேர்டைத்தான் போட்டு வைத்திருந்தான். தன் வீட்டு ரவுட்டருக்கும் அதேதான், கேமராவுக்கும் அதேதான். ஒவ்வொன்றையும் ஞாபகம் வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாமே என்ற சோம்பேறித்தனம். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று படிக்கட்டில் நின்று பீற்றிக்கொண்டும் இருந்தான்.

"எல்லாருக்கும் தெரியும்" என்றான்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை.

"எவனோ பாத்தது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் வாய் விட்டுச் சொன்னப்ப நீங்க அந்த ரவுட்டர் பொட்டியத்தான் நம்புனீங்க. என்னை நம்பல."

காலையில் போலீசில் புகார் கொடுப்பது என்று முடிவானது. அதுவரை மற்ற வீடுகளைத் திறந்து போட்டு வைக்க முடியாது. அவன் கதவு கதவாகத் தட்டி எல்லோரையும் படிக்கட்டுக்கு வரவழைத்தான். நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். ஒருவர் முகம் சுளித்தார். ஒருத்தி தன் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "அடப்பாவமே!" என்று ஒருவர் உச்சுக் கொட்டினார். இத்தனை பேரில் ஒரு ஜோடிக் கண் தன் படுக்கையறைக்குள் இருந்திருக்கலாம் என்று நினைத்தபோது அவனுக்கு உடம்பு கூசியது. எது என்று தெரியவில்லை. உச்சுக் கொட்டியவராகக்கூட இருக்கலாம். அந்த ஆளிடமும் சேர்த்துத்தான் அவன் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

"சரி விடுங்க டாக்டர். புது பாஸ்வேர்டையும் நீங்களே போட்டுக் குடுத்துடுங்க" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"வேண்டாம் சார். அவங்கவங்களே போடுங்க. வீட்டுக்கு வீடு வேற வேறயா இருக்கட்டும். யாருகிட்டயும் சொல்லாதீங்க, என்கிட்டயும் சொல்லாதீங்க. அதுவும் வீட்டுச் சாவிதான்." அவன் தன் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தான். "இன்னொண்ணு. வீட்டுல பொம்பளைங்க பயமா இருக்குன்னு சொன்னா, முதல்ல அவங்க சொல்றதைக் காது குடுத்துக் கேளுங்க. ரவுட்டரை அப்புறம் பாத்துக்கலாம்."