ஸ்பான்சருக்காக நேர்ந்துகொண்ட முடி

கார்மேகம் கூந்தல் எண்ணெய்க் கம்பெனியின் சோபாவில் உட்கார்ந்தபடி இனியா தன் லேப் டைம்களை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். செட்டிபாளையம் கார் ரேஸ் டிராக்கில் போன சீசனில் ஒரு சுற்றுக்கு அவள் எடுத்துக்கொண்ட நேரங்கள். கேட்டால் தடுமாறாமல் சொல்ல வேண்டும். பார்முலா வண்டி ஓட்டும் பையன்களில் பாதிப்பேர் அவளுக்குப் பின்னால்தான் வந்தார்கள் என்பதையும் கையோடு சொல்லிவிட வேண்டும்.

யாரும் கேட்கவில்லை. முதலாளி ரங்கநாயகி கேட்டது வேறு.

"அது சொந்த முடிதானுங்களா அம்மணி?"

"ஆமாங்க."

"எந்திரிச்சுத் திரும்பி நில்லு கண்ணு, பாக்கலாம்."

இனியா திரும்பி நின்றாள். ஜடை இடுப்பைத் தாண்டித் தொங்கியது. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இப்போதெல்லாம் இப்படிக் கேட்பதில்லை. ஆனால் அவளுக்குக் கோபம் வரவில்லை, வேடிக்கையாகத்தான் இருந்தது. ரேஸ் டிரைவரிடம் ஸ்பான்சர் எதைத்தான் பார்க்கிறார் என்ற கேள்வி அவளை ரொம்ப நாளாகக் குடைந்துகொண்டிருந்தது. அவளைவிட மெதுவாக ஓட்டும் ரவிதேஜாவுக்குப் போன வருடம் ஒரு பனியன் கம்பெனி கிடைத்தது. அவன் சிரித்தால் கன்னத்தில் குழி விழும். டிராக்கில் எல்லோரும் அந்தக் குழியைத்தான் காரணமாகச் சொன்னார்கள்.

கம்பெனியின் விளம்பரங்களைக் கவனிப்பவள் ரங்கநாயகியின் மகள் சாய்ப்ரியா. அவள் கண்ணை மூடிக்கொண்டு விளம்பரத்தை அப்படியே விவரித்தாள். ரேஸ் முடிகிறது. வண்டி வந்து நிற்கிறது. டிரைவர் ஹெல்மெட்டைக் கழற்றுகிறார். ஆண் என்று நினைத்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கு முன்னால் முடி மெதுவாக அவிழ்ந்து விழுகிறது.

"அதுல நான் எத்தனையாவதா வாரேனுங்க?" என்று இனியா கேட்டாள்.

சாய்ப்ரியா கண்ணைத் திறந்தாள். "அது ஷாட்ல வராதுங்களே."

சிரிப்பை அடக்கிக்கொண்டு இனியா கையெழுத்துப் போட்டாள். வேறு வழி இல்லை. ஸ்பான்சர் இல்லாவிட்டால் இந்த சீசன் வண்டியை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதாக டீம் மேனேஜர் கதிரேசன் சொல்லியிருந்தார். நல்ல மனிதர், வருத்தப்பட்டுக்கொண்டேதான் சொன்னார். ஆனால் வருத்தத்தை ஊற்றினால் வண்டி ஓடாதே. அதற்கு பெட்ரோலும் டயரும் வேண்டும்.

உண்மையில் அந்த முடியால் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒவ்வொரு முறையும் அதைச் சுருட்டி, தீப்பிடிக்காத துணிக்குள் திணித்து, அதற்கு மேல் ஹெல்மெட்டை அழுத்தி மாட்ட வேண்டும். வேர்வையில் பிடரி வெந்துபோகும். டிராக்கில் அவள் முடியை முழுசாகப் பார்த்தவர்கள் யாரும் கிடையாது. அதற்குப் போய் இப்படி ஒரு யோகம்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் அவள் அம்மா பழனியாத்தாள் நேராகச் சாமி படத்துக்கு முன்னால் போய்க் கற்பூரம் கொளுத்தினாள். அவள் தென்னை நார் கம்பெனியில் சூப்பர்வைசர். அங்கே நாற்பது பேரை அதட்டி வேலை வாங்குகிறவள், முருகன் முன்னால் மட்டும் குழந்தை மாதிரி ஆகிவிடுவாள்.

"முருகன் குடுத்துப்போட்டான் கண்ணு. ஞாயித்துக்கெழம பழனிக்குப் போயிரலாம். உனக்கு மொட்டை."

இனியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாருக்கு?"

"உனக்குத்தான். ஸ்பான்சர் கெடைச்சா எம்புள்ளைக்கு மொட்டை போடறேன்னு வேண்டிக்கிட்டேனல்லோ."

"என்ன கம்பெனின்னு தெரியுமாம்மா? கூந்தல் எண்ணெய்ம்மா."

பழனியாத்தாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பம்ப்செட் கம்பெனியோ டயர் கம்பெனியோ வரும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். வேண்டிக்கொள்ளும்போது கம்பெனி பேரையா கேட்டுக்கொண்டிருப்பார்கள்?

"பூமுடி குடுத்தாப் போதாதா? நுனியில கொஞ்சம் வெட்டிக்கலாம்" என்றாள் இனியா.

"மொட்டைன்னு வாய்விட்டுச் சொல்லிப்போட்டேன். இப்பப் போயி சாமிகிட்டப் பேரம் பேசறதா?"

"சீசன் முடிஞ்சதும் போடலாம்."

"அதுவரைக்கும் கடனோட வண்டியில ஏறுவியா நீ? எனக்கு நெஞ்சு வெடிச்சுரும் கண்ணு."

அம்மாவின் குரல் உடைந்தது. இனியாவுக்குச் சாமி பயம் அவ்வளவாகக் கிடையாது. அம்மாவின் பயம்தான் அவளுக்குப் பயம். அதோடு, சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பும் இருந்தது. முடி போய்விட்டால் இந்த ஸ்பான்சருக்குத் தன்னிடம் என்ன மிச்சம் இருக்கும்? ஒன்றும் இல்லை என்றால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லதுதானே.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை போட்டாகிவிட்டது. திங்கட்கிழமை காலை, தலையில் காய்ந்த சந்தனத்தோடு கார்மேகம் கம்பெனிக்குப் போய் நின்றாள். விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்த கதிரேசன் உள்ளே வர மனமில்லாமல் வாசலிலேயே நின்றுவிட்டார்.

சாய்ப்ரியா பார்த்தாள். கையிலிருந்த காபி டம்ளரை மெதுவாக மேஜையில் வைத்தாள். "என்ன பண்ணிப்போட்டீங்க" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

"வேண்டுதலுங்க."

"என்ன அப்படி ஒரு வேண்டுதல்?" இது ரங்கநாயகி.

"எனக்கு ஸ்பான்சர் கெடைக்கணும்னு எங்கம்மா வேண்டிக்கிட்டதுங்க."

ரங்கநாயகி சுவரில் ராஜ அலங்காரத்தில் இருந்த முருகனை ஒரு தடவை பார்த்தார், மொட்டையை ஒரு தடவை பார்த்தார். ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் வருடா வருடம் தைப்பூசத்துக்கு நடந்தே பழனி போகிறவர் அவர். பழனியில் இறக்கிய முடிக்காக ஒரு பெண்ணை விரட்டிவிட்டு, அடுத்த தைப்பூசத்துக்கு எந்த முகத்தோடு மலை ஏறுவது? இனியா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ரேஸைப் பார்ப்பதைவிட விறுவிறுப்பாக இருந்தது.

ரங்கநாயகி எழுந்து வந்து அவள் தலையைத் தடவிப் பார்த்தார்.

"ஏம்ப்ரியா, இடுப்பு வரைக்கும் முடி இருக்கற புள்ளைக்கு நம்ம எண்ணெய் என்னத்துக்கு? அதுக்கு ஏற்கெனவே இருக்குதல்லோ. இந்தத் தலைக்குத் தேச்சு வளந்தாத்தானே சனம் நம்பும்?"

சாய்ப்ரியா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ரேஸுக்கு ரேஸ் ஹெல்மெட்டைக் கழட்டறப்போ ஒரு போட்டோ எடு. முடி எவ்வளவு வந்திருக்குதுன்னு ஊரே பாக்கட்டும். இனிமே சீசன் முடியற வரைக்கும் கத்திரி படக்கூடாது அம்மணி, சாமிக்கும் சரி, யாருக்கும் சரி."

வண்டி கிடைத்துவிட்டது. ஆனாலும் இனியாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "லேப் டைம் ஒண்ணும் கேக்கவே இல்லீங்களே?"

"அது என்ன கண்ணு?"

சொன்னாள்.

"அது கூடணுமா, கொறையணுமா?"

"கொறையணுமுங்க."

"சரி. உனக்கு நேரம் கொறையட்டும், எங்களுக்கு முடி கூடட்டும்" என்றார் ரங்கநாயகி. கிண்டலே இல்லாமல் மனதாரச் சொன்னார்.

முதல் ரேஸில் ஹெல்மெட் அவள் தலையில் காற்றாக உட்கார்ந்தது. பிடரி வேகவில்லை. கடைசிச் சுற்றில் ரவிதேஜாவை உள்பக்கமாக முந்தி இரண்டாவதாக வந்தாள். அவள் அதுவரை எடுத்ததிலேயே குறைந்த நேரம் அது. கதிரேசன் கையை உயர்த்திக்கொண்டு ஓடிவந்தார். அவருக்கு முன்னால் சாய்ப்ரியாவின் கேமராக்காரர் வந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றியதும் எல்லோரும் தலையைத்தான் பார்த்தார்கள். அரிசி நீளத்துக்கு முடி முளைத்திருந்தது. ரங்கநாயகி தடவிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பழனியாத்தாள் நின்றிருந்தாள். இனியா அவளிடம் ஓடினாள்.

"ரெண்டாவது வந்தேன், பாத்தியாம்மா?"

"பாக்கலியே கண்ணு. வண்டி கெளம்புனதுல இருந்து கண்ண மூடிக்கிட்டேன்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "மறுக்காவும் வேண்டிக்கிட்டேன்."

இனியா இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். "அய்யோ, இந்த முடியையாம்மா?"

"உன்றதைக் குடுத்தாச்சல்லோ. இந்தத்தடவ எனக்கு மொட்டை."

"எதுக்கு? ஜெயிக்கறதுக்கா?"

"வண்டி நின்னு, எம்புள்ள எறங்கி நடந்து வந்தாப் போதும்னு. வந்துட்ட. வார ஞாயித்துக்கெழம பழனிக்குப் போகோணும்."

பாதி நரைத்த கொண்டையோடு அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டிராக்குக்கு வந்திருந்த அத்தனை பேரும் இனியாவின் எதையோ ஒன்றைப் பார்க்க வந்திருந்தார்கள். ஒன்றையும் பார்க்காமல் நின்றவள் இவள் ஒருத்திதான். இனியாவுக்கு அழுகை வந்தது. கம்பி வழியாகக் கையை விட்டு அம்மாவின் கொண்டையைத் தொட்டாள்.

"இன்னொரு போட்டோ எடுக்கோணும், இப்படித் திரும்புங்க" என்று பின்னாலிருந்து சாய்ப்ரியா கூப்பிட்டாள். இனியா திரும்பியதும் சாய்ப்ரியாவின் முகம் மாறியது. "கண்ணத் தொடச்சுக்குங்க, கேமராவுல தெரியுது."

"தெரியட்டுமுங்க" என்றாள் இனியா.