மாட்டுப்பட்டி மண்டபம்

இலங்கை மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரை மாடு கட்டிய பட்டியைக் கல்யாண மண்டபமாக்கிய புண்ணியவான் வீரபுத்திரன்தான். புண்ணியத்துக்குக் கிடைத்தது இடுப்புவலி. பகலெல்லாம் மலையில் தேயிலைக்கு மண் கிளறி முள்ளுக் குத்திவிட்டு, பொழுது சாய வந்து ஒரு வருஷம் சாணி சுரண்டினார். கூரைக்குப் பழைய ஃபேக்டரித் தகரம், சுவருக்குத் தேயிலைப் பெட்டிப் பலகை. மற்ற மரமெல்லாம் சர்க்கார் ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறியவர்கள் விட்டுப்போன லயத்து வரிசைவீட்டுக் காம்பராக்களில் கழற்றியவை. "மாப்பிள்ளை தாலி கட்டுவானா, புல்லுத் திம்பானா?" என்று கேலி பேசாத வாய் இல்லை.

அவருக்கும் இந்தியா போகப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. இன்னும் பதினெட்டு நாளில் கப்பல் பிடிக்கத் தலைமன்னாருக்கு ரயிலேற வேண்டும், அதுவும் தனியாக. மாப்பிள்ளைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை இருந்ததால் மகள் சிவகாமி இங்கேயே இருப்பாள். தாயில்லாப் பிள்ளை கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தார் மனுஷன்.

முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கையில், மாப்பிள்ளையின் அம்மா ஜெயலெட்சுமி மணவறைப் பலகைமேடையில் விரித்த பாயைச் சரிசெய்யக் குனிந்தவள், அடியில் தெரிந்த பலகையைப் பார்த்து அலறினாள்.

"ஐயையோ! இது எங்க அண்ணன் வீட்டு வாசக்கதவு. இந்த ஓட்டைக்கு டின்பால் தகரம் அடிச்சதே நான்தாங்க!"

எட்டாம் லயத்து அண்ணன் கப்பலேறி இரண்டு வருஷம். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன், இன்றைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவர்.

"வாசக்கதவக் காலால மிதிக்கப் போட்டிருக்கீங்களே சம்பந்தி, அடுக்குமா? என் மகன் இதுல ஏறமாட்டான்."

வீரபுத்திரனுக்கு மட்டும் தெரியாதா? பலகை பற்றவில்லை, போட்டுவிட்டார். களைத்த கைக்கு எல்லாம் பலகைதான். அலவாங்குக் கம்பியை எடுத்துவந்து கதவைப் பெயர்த்தார். தாய்மாமன் நிற்கும் இடத்தில் அதை நிமிர்த்தி வைத்தார். ஜெயலெட்சுமி அதற்குச் சந்தனம் பூசி, புதுத் துண்டு போர்த்தி, அண்ணே அண்ணே என்று அழுதாள்.

மணவறை நடுவில் இப்போது ஆள் விழுகிற பள்ளம். மண்டபத்தில் மிச்சப் பலகை ஒன்றில்லை. பூசாரி நேரமாச்சு என்று பறந்தார். வீரபுத்திரன் தன் காம்பராவுக்கு நடந்தார். தன் கதவைக் கழற்றித் தோளில் சுமந்து வந்து, பள்ளத்தில் போட்டு ஆணி அறைந்தார்.

"நம்ம கதவ மட்டும் மிதிக்கலாமாப்பா?" என்றாள் சிவகாமி.

"என் நெஞ்சுல மிதிச்சு வளந்தவதானே. ஏறும்மா."

"கதவில்லாம இந்தக் குளிர்ல எப்புடிப்பா படுப்பீங்க?"

"பதினெட்டு நாளுதானேம்மா. உள்ளாற நீயும் இல்ல. யாருக்காகப் பூட்டப் போறேன்?"

சிவகாமி குனிந்து கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள்.